சட்டம் எழுதக் கற்றுக்கொடுப்பது யார்?

ஒரு மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். அறிமுகம், விவாதம், வாக்கெடுப்பு, குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று வரிசையாக எழுதினால் ஐந்து மதிப்பெண். ஆனால் அந்த மசோதாவை உட்கார்ந்து வரி வரியாக எழுதிய ஆள் யார் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை. உறுப்பினர்கள் எழுதுவதில்லை. பெரும்பாலும் அமைச்சரும் எழுதுவதில்லை. அதற்கென்றே அரசு அலுவலகங்களில் சிலர் இருக்கிறார்கள். சட்ட வரைவாளர்கள் என்று பெயர். இவர்கள் இந்த வேலையை எங்கே கற்றுக்கொண்டார்கள், அது எப்போது பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பாக ஆனது என்று தேடிப் படித்ததில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் குமாஸ்தா வேலை, இதற்கு ஒரு படிப்பா?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு கதை. கதை இல்லை, நடந்தது.

நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல் வந்தது. 1989-ல் அதைத் திருத்தி 27-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். போதைக் கடத்தலுக்குப் பணம் கொடுப்பவருக்கும், கடத்தல்காரருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கும் 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல். கடத்தல் என்றால் என்னென்ன செயல்கள்? அதை 27-ஏ தானாகச் சொல்லாமல், "2-ஆம் பிரிவின் எட்டு-ஏ கூற்றைப் பார்க்க" என்று கைகாட்டியது. 2014-ல் மறுபடியும் ஒரு திருத்தம். புற்றுநோயாளிகளின் வலியைக் குறைக்கும் மருந்துகள் எளிதாகக் கிடைக்கவேண்டும் என்பதற்காக "அத்தியாவசிய போதை மருந்து" என்று ஒரு புது வரையறை தேவைப்பட்டது. அகர வரிசைப்படி அது கடத்தலின் வரையறைக்கு முன்னால் வரவேண்டும். அதனால் அதற்கு எட்டு-ஏ என்று எண் கொடுத்து, பழைய எட்டு-ஏ-வை எட்டு-பி ஆக்கினார்கள். 27-ஏ-வில் இருந்த கைகாட்டியை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள்.

விளைவு? 2014 மே 1 முதல், 20 ஆண்டு சிறை விதிக்கும் ஒரு பிரிவு மருந்தின் வரையறையைச் சுட்டிக்கொண்டு நின்றது. அது சுட்டிய உட்கூறுகள் அங்கே இல்லவே இல்லை. ஏழு வருடம் இது திருத்தப்படாமலே இருந்தது. திரிபுராவில் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரின் தரப்பு இதைக் கிளப்ப, 2021-ல் அங்குள்ள உயர் நீதிமன்றம் பிழையைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொன்னது. செப்டம்பர் 30-ஆம் தேதி அவசரச் சட்டம், டிசம்பரில் திருத்தச் சட்டம். திருத்தம் 2014 மே 1-ல் இருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்படும் என்றும் போட்டார்கள். செயல் நடந்த அன்று குற்றம் இல்லாததைப் பின்னால் குற்றமாக்கக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20-ஆவது பிரிவு. இது எழுத்துப் பிழையைச் சரிசெய்வதுதான், புதுக் குற்றம் எதையும் உண்டாக்கவில்லை என்றது அரசு. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிகள் இதை ஏற்கவில்லை. எனக்கும் அரசின் வாதம் முழுக்கச் சமாதானமாகவில்லை. சிறையில் இருப்பவனுக்கு எழுத்துப் பிழை என்ன, கருத்துப் பிழை என்ன?

ஒரே ஒரு எழுத்து, ஏ-வா பி-யா என்பதுதான் விஷயம். சரி, வரலாற்றுக்கு வருவோம்.

இந்தியாவில் இந்த வேலைக்கென்று லண்டனில் இருந்து வந்த முதல் பெரிய ஆள் மெக்காலே. (ஆமாம், ஆங்கிலக் கல்விக்காக இன்றுவரை நாம் திட்டுகிற அதே மெக்காலே.) 1833-ஆம் ஆண்டு சாசனச் சட்டம் கவர்னர் ஜெனரலின் சபையில் சட்ட உறுப்பினர் என்று ஒரு பதவியை உண்டாக்கியது. அதில் முதலாவதாக அமர்ந்தவர் அவர். 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பென்டிங்க் அப்போது ஊட்டியில் இருந்ததால், அங்கே பல்லக்கில் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு அமைந்த சட்ட ஆணையத்தில் அவரோடு கேமரான், மெக்லியாட், ஆண்டர்சன் என்று மூன்று பேர். அவர்கள் உடல்நலமில்லாமல் படுத்துக்கொண்டதால் தண்டனைச் சட்டத்தின் பெரும்பகுதியை மெக்காலேவே எழுதவேண்டி வந்தது. 1837-ல் வரைவு தயார். அது சட்டமாக 1860 வரை ஆனது, நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி 1-ல். எழுதியவர் 1859-லேயே இறந்துவிட்டார்.

மெக்காலே வழக்காடித் தழும்பேறிய வக்கீல் கிடையாது. அடிப்படையில் எழுத்தாளர். அதனாலோ என்னவோ, அந்தச் சட்டத்தில் அதுவரை வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். பல விதிகளுக்குக் கீழே குட்டிக் கதைகளை வைத்தார். திருட்டு என்றால் அடுத்தவர் வசமிருக்கும் பொருளை நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்துவது. சரி, எதை நகர்த்தினால் திருட்டு முழுமையாகிறது? ஒருவன் சட்டைப்பையில் நாய்க்குப் பிடித்த தீனியை வைத்துக்கொண்டு நடக்கிறான், அடுத்தவரின் நாய் பின்னாலேயே வருகிறது. கயிறு கட்டவில்லை, கையால் தொடவில்லை. ஆனாலும் நாய் பின்தொடர ஆரம்பித்த அந்த நொடியில் திருட்டு நடந்துவிட்டது என்கிறது சட்டம். விதியை மட்டும் படித்தால் யாருக்கும் தோன்றாத விளிம்பை இந்த ஒரு நாய் காட்டிவிடுகிறது. 2024 ஜூலை 1-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோதும் அந்த நாய் மட்டும் பத்திரமாகப் புதுச் சட்டத்துக்குள் நடந்து வந்துவிட்டது :-)

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நிலைமை ரொம்ப மோசம். ஒரு பிரிவே பக்கக்கணக்கில் ஒரே வாக்கியமாக ஓடும். 1843-ல் ஜார்ஜ் கூட் என்ற வழக்கறிஞர், ஏழைகள் நிவாரணச் சட்டத்தின் சிக்கலில் வேலைசெய்து அலுத்துப்போனவர், சட்ட வாக்கியத்தின் உடற்கூறு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எந்தச் சட்ட வாக்கியத்தையும் நான்காகப் பிரிக்கலாம் என்றார்: எந்தச் சூழ்நிலையில், என்ன நிபந்தனை நிறைவேறினால், யார், என்ன செய்யவேண்டும் அல்லது செய்யலாம். இவ்வளவுதான். இன்று படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். ஆனால் இந்தத் துறையில் 'கற்றுக்கொடுக்கக் கூடியது' என்று ஒன்று இருக்கிறது என முதலில் காட்டியது அந்தக் கட்டுரை என்றே சொல்லவேண்டும். 1869-ல் லண்டனில் ஹென்றி த்ரிங் தலைமையில் அரசின் மசோதாக்களை எல்லாம் ஒரே இடத்தில் எழுதும் அலுவலகம் வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு துறையும் தன் இஷ்டத்துக்கு யாரோ ஒரு வக்கீலைப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தது.

இங்கே 1868-லேயே பொது வாசகங்கள் சட்டம் வந்துவிட்டது. "அவன் என்று எழுதியிருந்தால் அவளும் அடக்கம், ஒருமை என்றால் பன்மையும் அடக்கம்" என்று எல்லாச் சட்டங்களுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் சொல்லிவைக்கும் சட்டம். அதன் 1897-ஆம் ஆண்டுப் பதிப்பைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அந்தக் காலத்து வரைவாளர்களில் எனக்குப் பிடித்தவர் விட்லி ஸ்டோக்ஸ். அயர்லாந்துக்காரர். 1862-ல் சென்னைக்கு வந்து, பிறகு கல்கத்தாவில் சட்ட உறுப்பினர் பதவி வரை உயர்ந்தவர். பகலில் இந்தியாவுக்குச் சட்டம் எழுதிய இந்த மனிதர் பழைய ஐரிஷ் மொழி ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற அறிஞர். பழஞ்சுவடியில் ஒரு சொல்லுக்கு ஒன்பது பொருள் பார்த்துப் பழகிய கண் சட்ட வாக்கியத்துக்கும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இவர்கள் யாருக்கும் ஆசிரியர் கிடையாது என்பதைக் கவனியுங்கள். மூத்தவர் மேசைக்குப் பக்கத்தில் இளையவர் உட்கார்ந்து, அவர் அடித்துத் திருத்திய தாளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் படிப்பு. நாதஸ்வரம் கற்பது மாதிரி. நமது அரசியலமைப்பே அப்படி உருவான கைகளால் எழுதப்பட்டதுதான். அம்பேத்கரை எல்லோருக்கும் தெரியும். பி.என். ராவ் ஓரளவு தெரிந்த பெயர். ஐ.சி.எஸ். அதிகாரி. 1935-ஆம் ஆண்டு சட்டத்துக்கு ஏற்ப இந்தியாவின் மொத்தச் சட்டத் தொகுப்பையும் திருத்திக் கொடுத்தவர், பிறகு அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர். 1947 அக்டோபரில் அவர் தயாரித்த முதல் வரைவில் 243 பிரிவுகள், 13 அட்டவணைகள். வரைவுக் குழு அதை 315 பிரிவுகளும் 8 அட்டவணைகளுமாக ஆக்கியது. முடிவில் 395. இடையில் வந்து குவிந்த திருத்தங்கள் 7,635, சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. இந்தக் கணக்கையெல்லாம் 1949 நவம்பர் 25 உரையில் அம்பேத்கரே சொல்கிறார். அதே உரையில் இன்னொரு பெயரையும் சொல்கிறார்: எஸ்.என். முகர்ஜி, சபையின் தலைமை வரைவாளர். எவ்வளவு சிக்கலான யோசனையையும் எளிய, தெளிவான சட்ட வடிவில் வைக்க அவருக்கு இருந்த திறமைக்கு ஈடு சொல்வது கடினம், அவர் இல்லையென்றால் இந்தச் சபைக்கு இன்னும் பல ஆண்டுகள் பிடித்திருக்கும் என்ற பொருளில் பாராட்டினார். நம்மில் எத்தனை பேருக்கு முகர்ஜியைத் தெரியும்?

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. அங்கே மசோதா கொண்டுவருவது உறுப்பினர்கள். அவர்களுக்கு எழுதிக்கொடுக்க அரசு அலுவலகம் கிடையாது. அந்த இடைவெளியில் யார் நுழைவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. ரயில்வே கம்பெனி, காப்பீட்டுக் கம்பெனி வக்கீல்கள் மசோதாவை எழுதியே கையில் கொடுத்துவிடுவார்கள். 1901-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் சார்ல்ஸ் மெக்கார்த்தி என்பவர் சட்டமன்றத்துக்கென்று ஒரு நூலகத்தைத் தொடங்கி, உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் தகவல் தேடிக் கொடுப்பது, மசோதா எழுத உதவுவது என்று ஆரம்பித்தார். 1911-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்ட வரைவு ஆராய்ச்சிக்கென்று ஒரு நிதியம் வந்தது. வரைவு என்பது பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைத்தது அங்கேதான். அங்கிருந்து மிடில்டன் பீமன் என்பவர் வாஷிங்டனுக்குப் போய், வரி மசோதாக்களைக் கவனிக்கும் குழுவுக்குச் சில காலம் செய்துகாட்டினார். குழுவினருக்குப் பிடித்துப்போய் 1918-ஆம் ஆண்டின் வரி மசோதாவிலேயே ஒரு வரைவு அலுவலகத்துக்கும் வழிசெய்தார்கள். இன்றும் காங்கிரஸின் இரு அவைகளிலும் அது இருக்கிறது. எந்த உறுப்பினர் போனாலும் எழுதிக் கொடுப்பார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லமாட்டார்கள்.

அங்கே பயிற்சி பெற்ற ரீட் டிக்கர்சன் என்பவர் பிறகு இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். சட்டக் கல்லூரிகள் மாணவனுக்குத் தீர்ப்பைப் படிக்க மட்டும் சொல்லித் தருகின்றன, எழுதச் சொல்லித் தருவதில்லை என்று ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவர் அவர். நம் ஊர் நிலைமை தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நமது எல்.எல்.பி.யில் வரைவு என்று ஒரு தாள் கட்டாயமாகவே உண்டு. ஆனால் அதில் வருவது வழக்குரை, எதிர்வழக்குரை, கிரயப் பத்திரம், உயில், வாடகை ஒப்பந்தம். சட்டங்களுக்கு எப்படிப் பொருள் கொள்வது என்று இன்னொரு தாள். பொருள் கொள்ளச் சிரமமில்லாத சட்டத்தை எழுதுவது எப்படி என்பதற்குக் கட்டாயத் தாள் இல்லை.

முதுநிலைப் படிப்பாக இது வளர்ந்ததற்கு முக்கியக் காரணம், என் பார்வையில், காலனிகள் விடுதலை பெற்றதுதான். 1950-களிலும் 60-களிலும் ஆப்பிரிக்கா, கரீபியன் என்று நாடு நாடாகச் சுதந்திரம் வந்தது. கொடி மாறியது, கீதம் மாறியது. குடியுரிமை, நிலம், வங்கி, தேர்தல் என்று நூற்றுக்கணக்கான சட்டங்கள் உடனடியாகத் தேவைப்பட்டன. எழுதத் தெரிந்த வெள்ளைக்கார அதிகாரி கப்பல் ஏறிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள மேசையே காலி. கானா 1960-ல் குடியரசாக அரசியலமைப்பு எழுதியபோது லண்டனில் இருந்து பிரான்சிஸ் பென்னியன் என்ற வரைவாளரைக் கடனாக வாங்கியது. அதற்கு முன் 1956-ல் பாகிஸ்தானும் அவரை அழைத்திருந்தது. ஏகாதிபத்தியத்தை எதிர்த்து வென்ற நாடு தன் அரசியலமைப்பை எழுத அதே ஏகாதிபத்தியத்தின் அலுவலகத்துக்குக் கடிதம் போடவேண்டியிருந்தது! ஒரு வரைவாளர் தேறி வரப் பல வருடம் ஆகும். குருகுல முறையில் அத்தனை நாடுகளுக்கும் ஆள் தேற்ற முடியாது.

அதனால் வகுப்பறை வந்தது. லண்டனில் சர் வில்லியம் டேல் காமன்வெல்த் நாடுகளின் அரசு வக்கீல்களுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி நடத்தினார். அவர் பெயரில் 1997-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் உயர்நிலைச் சட்ட ஆய்வு நிறுவனத்தில் ஒரு மையமே அமைந்தது. அங்கே சட்ட வரைவுக்கென்று எல்.எல்.எம். வந்தது. கனடாவில் எல்மர் டிரீட்ஜர் நீதித்துறையில் உயர் பதவியில் இருந்துவிட்டு ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் இதைப் பாடமாக்கினார். பார்படோஸில் மேற்கிந்தியப் பல்கலைக்கழகம் கரீபியன் தீவுகளுக்காக எல்.எல்.எம். தொடங்கியது. ஜி.சி. தார்ன்டன் 1970-ல் எழுதிய நூல் பாடநூல் ஆனது. வேலையை அவர் ஐந்து படிகளாகப் பிரிக்கிறார். கேட்பவருக்கு என்ன வேண்டும் என்று புரிந்துகொள்வது, ஏற்கெனவே உள்ள சட்டத்தோடு அதை அலசுவது, கட்டமைப்பைத் திட்டமிடுவது, எழுதுவது, எழுதியதைச் சோதிப்பது. எழுதுவது நான்காவது படி! 2014-ல் நமது திருத்தத்துக்கு ஐந்தாவது படி ஒழுங்காக நடந்திருந்தால் இந்தக் கட்டுரையின் முதல் பாதியில் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. (இந்தப் படிப்பில் ஒரு பக்கவிளைவும் உண்டு. ஏழை நாடு தன் செலவில் ஆளைப் படிக்க அனுப்பும், பட்டம் வாங்கியவர் சம்பளம் அதிகமுள்ள நாட்டில் வேலைக்குச் சேர்ந்துவிடுவார். மருத்துவர் கதைதான்.)

இந்த லண்டன் வழிக்கு நேர் எதிராக ஒரு தம்பதி நின்றார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சைட்மன், ஆன் சைட்மன். அவர் சட்டப் பேராசிரியர், அந்த அம்மா பொருளாதார அறிஞர். ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் பாடம் எடுத்தவர்கள். அவர்கள் பார்த்தது இது: புதிய நாடுகளின் சட்டங்கள் பிழையில்லாமல் இருந்தன, ஆனால் எதுவும் மாறவில்லை. லண்டன் சட்டத்தைப் பெயர்மாற்றி எடுத்துப் போட்டிருந்தார்கள். அதனால் அவர்கள், வரைவாளன் தையல்காரன் போல அளவெடுத்துத் தைத்தால் மட்டும் போதாது, மக்கள் ஏன் இப்போது நடப்பது போல நடக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து அறிக்கையாக எழுதிவிட்டுத்தான் மசோதாவில் கை வைக்கவேண்டும் என்றார்கள். ஏழு கேள்விகள் கேட்கச் சொன்னார்கள். இப்போதுள்ள விதி என்ன? மீறுவதற்கு வாய்ப்பு எப்படி அமைகிறது? கீழ்ப்படியச் சக்தி இருக்கிறதா? விதி அவர்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்ததா? மீறுவதில் யாருக்கு லாபம்? எந்த நடைமுறையில் முடிவெடுக்கிறார்கள்? எந்த நம்பிக்கை, மனோபாவம் இதன் பின்னால் இருக்கிறது? 2001-ல் வந்த அவர்களது கையேட்டுக்கு மூன்றாவது ஆசிரியர் இலங்கையின் சட்ட வரைஞராக இருந்த நளின் அபேசேகர.

இந்தக் கேள்விகளை நம் ஊர்ச் சட்டம் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993-ல் ஒரு சட்டம் வந்தது. மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அங்கே செல்லும் என்ற வகைச் சட்டம். அதன் கவனம் எல்லாம் உலர் கழிப்பிடத்தில். சாக்கடைக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் இறங்குபவர் அதில் சரியாக அடங்கவில்லை. அந்த வேலையை விட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்ற கேள்விக்கு வலுவான பதில் இல்லை. தண்டனை வாங்கித் தரவேண்டிய அதிகாரிகள் உள்ளாட்சியோடு சேர்ந்தவர்கள், அந்த உள்ளாட்சியே இந்த வேலைக்கு ஆள் வைத்திருந்தது. யாருக்கு லாபம், என்ன மனோபாவம் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டிருந்தாலே சாதி என்ற சொல் வரைவாளர் மேசைக்கு வந்திருக்கும். 2013-ல் வந்த புதிய சட்டம் மறுவாழ்வைச் சேர்த்தது, சாக்கடை, மலக்குழியையும் சேர்த்தது. ஆனால் வரையறையில் ஒரு விளக்கம் வைத்தது: அரசு அறிவிக்கும் கருவியும் பாதுகாப்பு உடையும் கொண்டு சுத்தம் செய்பவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார். ஒரு கையுறையைக் கொடுத்துவிட்டால் கணக்கெடுப்பில் இருந்தே ஆள் மறைந்துபோகலாம் என்று களத்தில் இருப்பவர்கள் இன்றும் சொல்வது இந்த ஒரு வரியால்தான். உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கு 2014-ல் 10 லட்சம், 2023-ல் 30 லட்சம் என்று இழப்பீட்டை உயர்த்தியது. மரணம் நிற்கவில்லை.

என்னைக் கேட்டால் லண்டன் வழியும் வேண்டும், சைட்மன் வழியும் வேண்டும். போதைப்பொருள் சட்டத்தில் முதலாவது இல்லை, மலக்குழிச் சட்டத்தில் இரண்டாவது இல்லை.

இந்தியாவில் இப்போது என்ன இருக்கிறது? மத்தியச் சட்ட அமைச்சகம் 1989 ஜனவரியில் சட்ட வரைவுக்கென்று டெல்லியில் ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கியது. மத்திய, மாநில அரசுகளின் அதிகாரிகளுக்கு மூன்று மாத அடிப்படைப் பயிற்சி, 15 நாள் அறிமுகப் பயிற்சி. நாடாளுமன்றத்தின் பயிற்சிப் பிரிவு வெளிநாட்டு அதிகாரிகளுக்கும் வரைவுப் பயிற்சி நடத்திவருகிறது. இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் வரைவாளர் யார் பக்கம் என்று பாருங்கள். மசோதா எழுதும் துறை அரசின் துறை. அமைச்சருக்கு எழுதும். ஒரு சாதாரண உறுப்பினருக்கு விஸ்கான்சினில் 1901-ல் கிடைத்த உதவி இங்கே முழுமையாக இன்னும் கிடைக்கவில்லை. சுதந்திர இந்தியாவில் சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14, கடைசியானது 1970-ல். 2010-ல் ஓர் ஆய்வு அமைப்பு இளைஞர்களை எம்.பி.க்களுக்கு ஓராண்டு உதவியாளர்களாக அனுப்பத் தொடங்கியது. அதுவே பெரிய மாற்றமாகப் பேசப்பட்டது என்றால் பாருங்கள்.

2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா நிறைவேறியது. 45 ஆண்டுகளில் ஓர் அவை ஏற்ற முதல் தனிநபர் மசோதா. கல்வி, வேலையில் இடஒதுக்கீடு, தனி ஆணையம் என்று விரிவாக எழுதப்பட்டிருந்தது. மக்களவையில் அது சட்டமாகவில்லை. பதிலாக அரசு தன் வரைவாளர்களைக் கொண்டு 2016-ல் வேறொரு மசோதாவை எழுதியது. பல மாற்றங்களுக்குப் பின் 2019-ல் சட்டமானபோது அதில் இடஒதுக்கீடு இல்லை. தன் பாலினத்தைத் தானே உணர்ந்து சொல்லும் உரிமையை ஒரு பிரிவில் கொடுத்துவிட்டு, மாவட்டக் குற்றவியல் நடுவர் அந்தஸ்திலுள்ள ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று அடுத்த பிரிவுகளில் எழுதினார்கள். ஒரே விஷயம், இரண்டு கைகள், இரண்டு சட்டங்கள்.

மொழி பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க மனமில்லை. கனடாவில் 1978-ல் இருந்து சட்டங்களை ஆங்கிலத்தில் எழுதி பிரெஞ்சில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆங்கில வரைவாளரும் பிரெஞ்சு வரைவாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் இரண்டையும் எழுதுகிறார்கள். இரண்டும் சம அதிகாரம் உள்ளவை. ஒரு மொழியில் சொல்ல வராமல் திணறும்போது, பிரச்சினை மொழியில் இல்லாமல் யோசனையிலேயே இருந்தது என்று தெரியவருமாம். அப்போது இரண்டையும் மாற்றுவார்கள். இலங்கைச் சட்டங்களின் கடைசிப் பிரிவில் வழக்கமாக ஒரு வாசகம் இருக்கும்: சிங்கள வாசகத்துக்கும் தமிழ் வாசகத்துக்கும் இடையே முரண் வந்தால் சிங்களமே மேலோங்கும். நம் நாட்டில் மத்தியச் சட்டங்களின் தமிழாக்கத்துக்கு 1973-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதிகாரபூர்வ அந்தஸ்து தருகிறது. ஆனால் மாநிலச் சட்டமன்றம் தன் சொந்த மொழியிலேயே சட்டம் இயற்றினாலும், அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவுப்படி அதன் ஆங்கில மொழிபெயர்ப்புதான் அதிகாரபூர்வ வாசகம். தமிழில் மசோதா எழுதத் தேர்ந்த ஒரு வரைவாளர் இங்கே உருவாகி வந்தாலும், அவர் எழுதிய வாக்கியம் நீதிமன்றத்துக்குப் போகும்போது அதன் ஆங்கில நிழலைத்தான் நீதிபதி பிரித்துப் படிப்பார்.